சிவப்புத் துணி கட்டிய மூன்று செடிகள்

பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவருக்கு வீட்டிலும் அதுதான் பெயர். கட்டிய மனைவிகூட, அவர் காதுக்கு எட்டாத தூரத்தில், "எங்க வீட்டு டைம் கீப்பர்" என்றுதான் சொல்வாள். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும் கடிகாரத்தைக் கழற்றாமல்தான் குளிக்கப் போவார். டீ இரண்டு நிமிஷம் தாமதமானால் வாய் திறக்கமாட்டார், கடிகாரத்தைப் பார்ப்பார். அதற்குத் திட்டே வாங்கிக்கொள்ளலாம் என்பாள் மனைவி.

இந்த மனிதருக்கு ஒரே மகள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவளுக்கு. அவளைக் கட்டிக்கொடுத்தபோது மாப்பிள்ளை ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் சுழல்நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் அந்த நாற்காலியை விட்டு எழுந்தவர்தான், திரும்ப உட்காரவே இல்லை. கடைத்தெருவுக்குப் பின்னால் கார்களை நிறுத்துவதற்கென்றே கட்டிய ஏழு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. அதன் உச்சித்தளத்துக்குக் கூரை கிடையாது. வெயிலில் வண்டி கொதித்துப்போகும் என்று அங்கே யாரும் நிறுத்துவதில்லை. மாப்பிள்ளை அதை வாடகைக்குப் பிடித்தார். மூட்டை மூட்டையாக மண்ணை ஏற்றினார். வண்டிகளுக்குப் போட்ட மஞ்சள் கோடுகளுக்கு நடுவே பாத்தி கட்டி, காய்கறி போட்டார்.

ஊரில் நாற்பத்திரண்டு குடும்பங்கள் அந்தத் தோட்டத்துக்குப் பங்குதாரர்கள். பருவம் தொடங்கும்போதே பங்கைக் கட்டிவிடுவார்கள். அப்புறம் தோட்டம் கொடுப்பது எதுவோ அது எல்லோருக்கும் சமமாக, வாரம் ஒரு கூடை. நன்றாக விளைந்தால் கூடை பொங்கும். பூச்சி விழுந்தால் பூச்சி தின்றது போக மிச்சம். அதற்கு ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. சனிக்கிழமை காலையில் கீழ்த்தளத்துக்கு வந்து கூடையை வாங்கிக்கொள்வார்கள். போன வாரத்துக் காய்த்தோலையும் காம்பையும் மூடிபோட்ட வாளியில் கொண்டுவந்து கொடுப்பார்கள், அது உரத்துக்கு. ஒரு பருவத்துக்கு இரண்டு நாள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் கைவேலைக்கு வரவேண்டும். இவ்வளவுதான் ஏற்பாடு.

டைம் கீப்பருக்கு இது தொண்டையில் சிக்கிய முள். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. பழைய டிப்போ நண்பர்கள் டீக்கடையில் கேட்பார்கள். "மாப்பிள்ளை இப்ப எங்க இருக்கார்?"

"மேல்மட்டத்துல இருக்கார்" என்பார் இவர். ஏழாவது மாடி மேல்மட்டம் இல்லாமல் வேறென்ன? பொய் சொன்ன பாவமும் இல்லை, மானம் போன கவலையும் இல்லை.

மகள் வீடு இவர்கள் வீட்டுக்கு இரண்டு மாடி கீழே, ஒரே கட்டடத்தில்தான். ஆனாலும் மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. "முழங்கால் வலி" என்பார். அதே முழங்காலோடு தினமும் நாலு கிலோமீட்டர் நடப்பார்.

மகளுக்குப் பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஒரு சனிக்கிழமை, பொழுது புலர்ந்தும் புலராமலும் இருக்கும்போது, கதவு தடதடவென்று தட்டப்பட்டது. மாப்பிள்ளை நின்றார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தது.

"அத்தை, பனிக்குடம் உடைஞ்சிடுச்சு."

அத்தைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று நினைத்தால் தப்பு. அவள் மூன்று நிமிஷத்தில் பையோடு வாசலில் நின்றாள். கையும் காலும் ஓடாதவர் மாப்பிள்ளைதான். மாடிப்படியில் இறங்கும்போது பாதியில் நின்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஐயோ, இன்னிக்குக் கூடை நாள். சரி, எல்லாருக்கும் இன்னிக்குக் கிடையாதுன்னு மெசேஜ் போட்டுடறேன்."

"இருங்க மாப்பிள்ளை" என்றார் டைம் கீப்பர். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது. "டிரைவருக்கு உடம்பு சரியில்லைன்னா பஸ்ஸையே நிறுத்துவாங்களா? மாத்து ஆள் போட்டு ஓட்டுவாங்க. முப்பத்தோரு வருஷத்துல என் டிப்போல ஒரு டிரிப் ரத்தானது கிடையாது. சாவியக் குடுங்க."

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். மகள் வலியோடு வலியாக, "குடுங்களேன், அப்பா பாத்துக்குவாரு, எனக்கு வலிக்குது" என்றாள். சாவி கைமாறியது.

"என்னென்ன பறிக்கணும்னு பலகைல எழுதியிருக்கேன் மாமா. ரெண்டு பேர் உதவிக்கு வருவாங்க. நீங்க..." அதற்குள் டாக்ஸி வந்துவிட்டது. அந்தப் பாதி வாக்கியம் பாதியிலேயே நின்றுபோயிற்று.

ஆறரை மணிக்கு டைம் கீப்பர் ஏழாவது தளத்தில் நின்றார். வண்டி ஏறுகிற சரிவுப் பாதை முழுவதும் மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டுதான் ஏறினார். மேலே வந்ததும் முணுமுணுப்பு நின்றது. அந்த இடம் ஒரு டிப்போ மாதிரியே இருந்தது! ஒவ்வொரு பாத்திக்கும் பழைய வண்டி எண் தரையில் மஞ்சள் பெயிண்டில் அப்படியே இருந்தது. எழுபத்தொன்றில் முள்ளங்கி, எழுபத்தெட்டில் வெண்டை, எண்பதிலிருந்து எண்பத்திரண்டு வரை கீரை, அறுபத்து நாலில் தக்காளி. எல்லாம் வரிசையாக, புறப்படத் தயாராக நின்றன. தண்ணீர்க் குழாய்கள் கோடு போட்டதுபோல ஓடின. பலகையில் மாப்பிள்ளையின் கையெழுத்து குண்டு குண்டாக இருந்தது. இதைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் பிடித்துப்போயிற்று. ஆனால் ஒத்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

உதவிக்கு வந்தவர்கள் இருவர். ஒருவர் டாக்ஸி ஓட்டுபவர், வயது நாற்பது இருக்கும், எதற்கெடுத்தாலும் சிரிக்கும் மனிதர். மற்றவர் தையல்கார அம்மா. கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது, கழற்ற மறந்து வந்திருந்தார். பறிப்பது எப்போதும் மாப்பிள்ளைதான், இவர்கள் கழுவுவதும் கூடையில் அடுக்குவதும்தான் பழக்கம். அன்றைக்குக் கீரையையும் வெண்டையையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். "தக்காளி நான் பாத்துக்கறேன்" என்றார் டைம் கீப்பர்.

அறுபத்து நாலாம் பாத்தியில் பருவம் முடியும் தறுவாய். செடிகள் களைத்துப் போயிருந்தன. பழங்களும் சின்னச் சின்னதாகச் சுருங்கிக் கிடந்தன. ஆனால் கோடியில் இருந்த மூன்று செடிகள் மட்டும் வேறு சாதி. இலை சுருளவில்லை. பழம் ஒவ்வொன்றும் உள்ளங்கை நிறைய, தோல் பளபளவென்று இருந்தது. மூன்றின் தண்டிலும் சிவப்புத் துணி கட்டியிருந்தது. ஒன்றில் ஒரு முடிச்சு, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று.

கூடையோடு அந்தப் பக்கம் வந்த தையல்கார அம்மா நின்று பார்த்தார். "இதுல துணி கட்டியிருக்காரே, எதுக்குன்னு தெரியலையே?"

"எனக்குத் தெரியும்மா" என்றார் டைம் கீப்பர். "டிப்போல சிவப்புச் சீட்டு ஒட்டின வண்டிதான் முதல்ல கிளம்பணும். இதை முதல்ல பறிங்கன்னு அடையாளம் வச்சிருக்கார். முடிச்சு வரிசைப்படி."

அந்த அம்மாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அவ்வளவு உறுதியாக ஒருவர் சொன்னால் யாருக்கும் நியாயமாகத்தான் படும். டைம் கீப்பர் ஒன்று, இரண்டு, மூன்று என்று முடிச்சு வரிசைப்படி மூன்று செடியையும் மொட்டையடித்தார். இருபத்தொன்பது பழம். எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டார். அவற்றைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. முதலில் போகிற இருபத்தொன்பது கூடைகளிலும், கீரைக்கு மேலே, கிரீடம் வைத்ததுபோல ஒவ்வொன்றாக வைத்தார்.

கீழ்த்தளத்தில் எட்டு மணிக்கு விநியோகம். வழக்கமாக மாப்பிள்ளை சிரித்துப் பேசி, ஒவ்வொருவரிடமும் நலம் விசாரித்து, மத்தியானம் வரை இழுப்பாராம். டைம் கீப்பர் சட்டைப்பையிலிருந்து பழைய விசிலை எடுத்தார். ஒரு ஊது ஊதினார். மக்கள் திடுக்கிட்டு வரிசையில் நின்றார்கள், அப்புறம் சிரித்தார்கள். ஒவ்வொரு கூடை கைமாறும்போதும் குறிப்பேட்டில் வீட்டு எண்ணையும் மணியையும் எழுதினார். பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் நாற்பத்திரண்டாவது கூடையும் போயிற்று. அப்போதுதான் மனைவியின் போன் வந்தது. பேத்தி. கொஞ்சம் எடை குறைச்சல், நாலைந்து நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்ப்பார்கள், மற்றபடி தாயும் பிள்ளையும் சௌக்கியம்.

"எத்தனை மணிக்கு?" என்றுதான் முதலில் கேட்டார்.

"ஒம்போது நாப்பத்திரண்டு. நீங்க கேப்பீங்கன்னு தெரிஞ்சே பாத்து வச்சேன்."

அதையும் அதே பக்கத்தில், கூடைகளுக்குக் கீழே எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணிற்று.

மறுநாள் காலை ரொட்டியும் பிளாஸ்க்கில் டீயும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். தாழ்வாரத்தில் மாப்பிள்ளை பிளாஸ்டிக் நாற்காலியில் தலை சாய்ந்து கிடந்தார். டீயைக் குடித்ததும் கண் தெளிந்தது.

"மாமா, நேத்து எப்படி முடிச்சீங்க? எல்லாரும் விசில் மாமான்னு ஒரே புகழ்ச்சி."

டைம் கீப்பர் அடக்கமாகத் தொண்டையைச் செருமினார்.

"அவசரத்துல ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். தக்காளிப் பாத்தில சிவப்புத் துணி கட்டின செடி மூணு இருக்கு பாருங்க. பலகைல 'பழுத்தது மட்டும்'னு எழுதினேனே தவிர அதைத் தொட வேண்டாம்னு எழுதல. அது விதைக்கு மாமா. அஞ்சு பருவமா அந்த வெயில்ல தாங்கறதா பாத்துப் பாத்துப் பொறுக்கி எடுத்தது. ஒண்ணு சீக்கிரம் காய்க்கும், ஒண்ணு சூடு தாங்கும், இன்னொண்ணு ருசி. நாளைக்குப் போய்ப் பழத்தை எடுத்து மூணையும் தனித்தனியா விதை பிரிக்கணும். நல்லவேளை, அது கோடில இருக்கு, உங்க கண்ணுல பட்டிருக்காது."

"சரி மாப்பிள்ளை" என்றார் டைம் கீப்பர். பிளாஸ்க்கை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அணில் தின்றது என்று சொல்லலாம். பறவை கொத்தியது என்று சொல்லலாம். ஆனால் இருபத்தொன்பது பழத்தையும் காம்போடு கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டு போகிற அணில் எந்த ஊரில் இருக்கிறது? பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தார். முதல் இருபத்தொன்பது வீடுகளும் வரிசையாக, மணியோடு, அவர் கையெழுத்திலேயே இருந்தன. தப்புக்குத் தடயமும் அதுதான், வழியும் அதுதான்.

டாக்ஸிக்காரருக்குப் போன் போட்டார். அவருடையது மூன்றாவது கூடை.

"அந்தத் தக்காளியா? வண்டிய எடுக்கறதுக்குள்ளயே தின்னுட்டேன் ஐயா. என்னா ருசி!"

"விதையோடவா?"

"தக்காளி விதைய யாராவது துப்புவாங்களா?"

விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "எங்க நிக்கறீங்க? அங்கயே இருங்க. வயித்துக்குள்ள போனதுக்குப் பிராயச்சித்தமா நானே சுத்திக் காட்டறேன்." பதினொரு நிமிஷத்தில் வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைச் சவாரியை விட்டுவிட்டு ஒரு மனிதர் வருவதென்றால் அது யாருக்காக என்று டைம் கீப்பர் யோசித்தார். தனக்காக இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

முதல் வீட்டு வாசலில், "நான் தோட்டத்துலேர்ந்து வர்றேன்" என்றார். ஏற்கெனவே சமைத்தாகிவிட்டது. இரண்டாவது வீட்டில், சூப் ஆகிவிட்டது. மூன்றாவது வீடு தையல்கார அம்மாவுடையது. அவருக்குத் தக்காளி விதை ஆகாது. வழித்து எடுத்துக் கழிவு வாளியில் போட்டிருந்தார்.

"அந்த வாளிய இங்க குடுங்கம்மா" என்றார் டைம் கீப்பர்.

மாடிப்படியில் பழைய செய்தித்தாளை விரித்து, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முட்டை ஓடு, டீத்தூள், முள்ளங்கித் தோல் எல்லாவற்றுக்கும் நடுவில் வழவழவென்று ஒட்டிக்கிடந்த விதைகளைப் பழைய தையல் ஊசியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். அந்த அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஊசியில் நூல் கோத்துப் பழகிய கை, இவரைவிட வேகம். படியேறி வந்த பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். "என்ன தொலைஞ்சுது? தோடா?"

"தக்காளி" என்றார் டாக்ஸிக்காரர். கேட்டவர் தலையை ஆட்டிக்கொண்டே மேலே போய்விட்டார்.

தையல்கார அம்மா ஒரு தட்டில் விதையை வைத்துக் கொடுத்துவிட்டு, "தம்பி கோவிச்சுக்குவாரேன்னு பயப்படறீங்களா?" என்றார்.

"கோவிச்சுக்கிட்டா பரவால்லையே" என்றார் டைம் கீப்பர். அதுதான் உண்மை.

அடுத்த கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் பியானோ சொல்லிக்கொடுக்கும் டீச்சர் இருந்தார். லிஃப்ட் ஓடவில்லை. முழங்கால் வலி என்று மூன்று வருஷம் சொன்ன பொய் அன்றைக்கு உண்மையாயிற்று. கதவு திறந்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது.

"நீங்க யாருன்னு தெரியலையே?" என்றார் டீச்சர்.

தோட்டத்திலிருந்து வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். வந்தது வேறு. "நான் தோட்டக்காரரோட மாமனார்."

சொல்லி முடித்ததும் ஒன்றும் இடிந்துவிழவில்லை. டீச்சரின் முகம்தான் மலர்ந்தது. "அட, உள்ள வாங்க, உக்காருங்க! தண்ணி குடிங்க முதல்ல. போன வருஷம் என் மணிக்கட்டு எலும்பு முறிஞ்சப்ப பத்து வாரம் அவரே இந்த அஞ்சு மாடியும் ஏறிக் கூடையக் கொண்டுவந்து வச்சாரு. கீரையை ஆய்ஞ்சும் குடுத்துட்டுப் போவாரு. ஒரு கையால எப்படி ஆய்வீங்கம்பாரு. உங்ககிட்ட சொல்லியிருப்பாரே?"

"இல்லைங்க" என்றார் டைம் கீப்பர். அவர் கேட்டிருந்தால்தானே சொல்லியிருப்பார்.

டீச்சர் பழத்தை வெட்டவே இல்லை. அழகாக இருக்கிறதே என்று ஜன்னல் மேடையில் வைத்திருந்தார். முழுப் பழமாகக் கிடைத்த முதல் பழம் அது. டைம் கீப்பர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் எல்லா வாசலிலும் அதையே சொன்னார். தோட்டக்காரரோட மாமனார். பத்தாவது வாசலுக்குள் அது "டிப்போ டைம் கீப்பர்" என்பதுபோலவே நாக்கில் சரளமாகிவிட்டது. ஒரு வீட்டில் மட்டும் வரவேற்பு வேறு மாதிரி இருந்தது. வாயில் பல்குச்சியோடு கதவைத் திறந்த பெரியவர், "ஓ, முள்ளங்கிக்காரரோட ஆளா? மூணு வாரமா முள்ளங்கி, முள்ளங்கி, முள்ளங்கி! முயல்னு நினைச்சாரா எங்களை?" என்று பிடித்துக்கொண்டார். டாக்ஸிக்காரர் டைம் கீப்பரின் காதில், "இவரு மூணு வருஷமாத் திட்டறாரு, ஒரு பருவம்கூடப் பங்கை விட்டதில்ல" என்று கிசுகிசுத்தார். பெரியவர் திட்டி முடித்துவிட்டு உள்ளே போய், பாதி வெட்டிய தக்காளியைக் கிண்ணத்தில் மூடிக் கொண்டுவந்தார். "நேத்து பாதி சாப்பிட்டேன். மீதிய இன்னிக்குன்னு வச்சிருந்தேன். ஒரே நாள்ல தீத்துடற பழமா அது?"

சாயங்காலம் ஆறு மணிக்குக் கணக்கு இதுதான். பதினெட்டு பழம் வயிற்றுக்குள் போய்விட்டது. பதினொன்று, முழுசாகவோ பாதியாகவோ வெறும் விதையாகவோ, கிண்ணங்களிலும் தட்டுகளிலும் ஒரு வீட்டுக் குழந்தையின் பால் கரண்டியிலும் கிடைத்தது. டைம் கீப்பர் எல்லாவற்றையும் வீட்டுப் பால்கனியில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டு எழுதினார்.

குளிக்க வீட்டுக்கு வந்த மனைவி பால்கனியைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். விஷயம் வெளியே வந்தது.

"வேற யாராவது சொல்லி அவருக்குத் தெரியறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க" என்றாள். திட்டவில்லை. போகிற போக்கில் அவர் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் போனாள்.

திங்கட்கிழமை காலை மகளின் அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை. சிவப்புச் சீட்டு நியாயத்தையும் சொன்னார், கிரீடம் வைத்ததையும் சொன்னார். மாப்பிள்ளை முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

"எந்தப் பழம் எந்தச் செடியோடதுன்னு..."

"தெரியாது மாப்பிள்ளை. ஒரே கூடைல போட்டுட்டேன்."

மாப்பிள்ளை எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே வண்டிகள் வந்துபோவதையே வெகுநேரம் பார்த்தார். டைம் கீப்பர் அன்றைக்குக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு வருஷம் போச்சு மாமா" என்றார் கடைசியில், திரும்பாமலே. "எல்லாத்தையும் விதைச்சு, வளத்து, எது எதுன்னு மறுபடி மொதல்லேர்ந்து பாக்கணும்."

"தெரியும் மாப்பிள்ளை."

கட்டிலிலிருந்து மகள் பேசினாள். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து முதல் தடவையாக அன்று விடிந்ததும்தான் அவள் கையில் கொடுத்திருந்தார்கள். "நீங்க துணியப் பத்திச் சொல்லாமப் போனீங்க. அப்பா கேக்காமப் பறிச்சாரு. ஆளுக்குப் பாதி. இப்ப ரெண்டு பேர்ல யாராவது வந்து இவளை வாங்குங்க, எனக்குக் கை மரத்துப்போச்சு."

இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள். மாப்பிள்ளை கையைப் பின்வாங்கிக்கொண்டு, "நீங்க வாங்குங்க மாமா" என்றார். குரலில் இன்னும் வருத்தம் இருந்தது. ஆனாலும் சொன்னார்.

அன்று மாலை பால்கனியில் சீட்டுகளைப் படித்தபோதுதான் மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. 'வீடு 17. பியானோ டீச்சர். முழுப் பழம் 1. பகல் 12.35. லிஃப்ட் இயங்கவில்லை.' 'வீடு 9. தையல். விதை 43. வாளியிலிருந்து மீட்கப்பட்டது. 11.50 முதல் 12.20 வரை.' படிக்கப் படிக்கத் தோள் குலுங்கியது. மாமனார் முறைப்பாக நின்றார். அப்புறம் அவரும் சிரித்துவிட்டார்.

விதைகளைத் தண்ணீரில் ஊறவைத்து, வழவழப்பு போகக் கழுவி, காகிதத்தில் உலர்த்தி வைத்தார்கள். அடுத்த பருவத்தில் நாற்றுவிட்டபோது நூறுக்கு மேல் முளைத்தது. மேலே அறுபத்து நாலாம் பாத்தியில் பதினெட்டுக்கு மேல் இடமில்லை. மிச்சத்தை என்ன செய்வது என்று மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். தையல்கார அம்மாதான் சொன்னார். "எங்க வீட்டு ஜன்னல்ல ஒரு தொட்டிக்கு இடம் இருக்கு. எல்லார் வீட்டுலயும் இருக்குமே?" சனிக்கிழமை கூடையோடு ஆளுக்கு இரண்டு நாற்றுகள் எண் போட்டுப் போயின. விதைக்கென்று வேண்டிய முதல் பழங்கள் தோட்டத்துக்கு, மிச்சம் வளர்த்தவர்களுக்கு என்று பேச்சு.

நாற்பத்திரண்டு வீட்டுக்கும் போய்ச் செடியைப் பார்த்து எழுதிக்கொண்டு வர ஓர் ஆள் வேண்டியிருந்தது. யாரென்று யாரும் கேட்கவில்லை. வியாழக்கிழமை தோறும் டைம் கீப்பர் குறிப்பேட்டோடு கிளம்பினார். ஒரு வாரம் இந்தப் பாதி, மறு வாரம் அந்தப் பாதி. எந்தச் செடிக்கு மத்தியான வெயிலில் இலை சுருள்கிறது, எது எத்தனையாம் நாள் பூத்தது, எதற்கு யார் தண்ணீர் ஊற்ற மறந்தார்கள், எல்லாம் ஏறியது. தண்ணீர் ஊற்றாதவர்களிடம் ஒன்றும் சொல்லமாட்டார். கடிகாரத்தைப் பார்ப்பார். மறு வாரம் செடி நனைந்திருக்கும்.

பழம் பழுக்கத் தொடங்கிய ஒரு வியாழக்கிழமை மாப்பிள்ளையையும் கூட அழைத்துப் போனார். "முள்ளங்கிப் பெரியவர் வீட்டுக் குளியலறை ஜன்னல்ல ஒண்ணு இருக்கு. நீங்க நேர்ல பாக்கணும்" என்றார்.

அந்த ஜன்னலில் பகல் முழுக்க வெயில் அடித்தது. எதிர்ச்சுவரின் சூடும் சேர்ந்து தாக்கியது. செடி அசையாமல் நின்றது. ஒரு இலை சுருளவில்லை. கொத்துக்கு ஐந்தாறு பழம். மாப்பிள்ளை குனிந்து இலையின் அடியைத் திருப்பிப் பார்த்தார், பழத்தின் தோலை விரலால் தடவினார்.

"இது ரெண்டு முடிச்சுச் செடியோட பிள்ளை மாமா" என்றார் மெதுவாக. "சூடு தாங்கறது. சந்தேகமே இல்ல."

பெரியவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "என்ன, எல்லாத்தையும் பறிச்சுட்டுப் போகப் பாக்கறீங்களா?"

"முதல் கொத்து தோட்டத்துக்குன்னு பேச்சு" என்றார் டைம் கீப்பர்.

"நாலு மாசம் என் குளியலறைல என்கூடக் குடியிருந்த செடி. நான் குளிக்கறதையெல்லாம் பாத்திருக்கு. அதுக்கு எனக்கு ஒண்ணும் கிடையாதா?"

அரை மணி நேரம் பேச்சு நடந்தது. கடைசியில் மூன்று பழம் தோட்டத்துக்கு, மூன்று பெரியவருக்கு என்று முடிந்தது. தம் பங்கிலிருந்து ஒன்றை அவரே கத்தியால் மூன்று துண்டாக்கி, உப்புத் தூவி ஆளுக்கொன்று நீட்டினார். குளியலறை வாசலில் நின்றபடியே தின்றார்கள்.

"ருசி கொஞ்சம் கம்மி" என்றார் மாப்பிள்ளை.

"எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார் மாமனார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மூணு முடிச்சுச் செடியோடது இதைவிட இனிப்பா இருக்கும் மாமா. அது இன்னும் அகப்படல."

"அகப்படும். இன்னும் பத்தொம்போது வீடு பாக்கி இருக்கு." டைம் கீப்பர் விரலை வேட்டியில் துடைத்துவிட்டுக் குறிப்பேட்டைப் புரட்டினார். "அடுத்த தெருவுல ஒரு மருந்துக்கடைக்காரர் வீடு. அங்க காக்கா ரெண்டு பழத்தைக் கொத்திடுச்சாம். காக்காவுக்கு ருசி தெரியும் இல்லையா? நடங்க, போய்ப் பாத்துடலாம்."

மாப்பிள்ளை மூன்று பழத்தையும் கைக்குட்டையில் சுற்றி மாமனாரின் பையில் பத்திரமாக வைத்தார். பெரியவர் படிவரை வந்து, அடுத்த வாரமும் முள்ளங்கிதானா என்று கேட்டார். ஆமாம் என்றார்கள் இருவரும் ஒரே குரலில், வேகமாகப் படியிறங்கிக்கொண்டே.